கூட்டங்களைப் பல துறையினர் சேர்ந்து ஆராய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீட்டிங் என்று நாம் தினமும் போய் உட்காருகிற கூட்டத்தை உளவியலாளர், மொழியியலாளர், மானுடவியலாளர், பேச்சுத் தொழில்நுட்பப் பொறியாளர் என்று பலரும் தனித்தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். இப்போது ஒரே பதிவை வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்கள் பெருகி வருகின்றன. அப்படி ஒரு வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஒரு துறை போதாதா? எதற்கு இத்தனை பேர்?

ஒரு துறை மட்டும் நெடுங்காலம் செய்துதான் பார்த்தது. ராபர்ட் பேல்ஸ் 1950-ல் சிறு குழுவின் பேச்சை 12 வகைகளாகப் பிரித்து எண்ணும் முறையை வெளியிட்டார். குழுப் பேச்சைக் குறியிட்டு எண்ணும் மரபுக்கு அது பெரிய அடித்தளம். 1974-ல் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் பேச்சு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதை விதிகளாக எழுதிக் காட்டினார்கள். உரையாடல் பகுப்பாய்வுக்காரர்கள் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1989-ல் மானுடவியலாளர் ஹெலன் ஷ்வார்ட்ஸ்மன் கூட்டத்தையே ஆய்வுப் பொருளாக்கி ஒரு நூல் எழுதினார். அதுவரை கூட்டத்துக்குள் நடப்பதைப் பார்த்தார்களே தவிர, கூட்டம் என்ற வடிவத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கணினி வழியாக மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வதை ஆராய்கிறவர்களின் முதல் மாநாடு 1986-ல் நடந்தது. 2000-ஐ ஒட்டிப் பேச்சறிதல் பொறியாளர்கள் கூட்டங்களைப் பதிவு செய்ய வந்து சேர்ந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. “இந்தக் கூட்டத்தில் முடிவு எந்த நொடியில் எடுக்கப்பட்டது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எண்ணுகிறவர் முடிவு என்று குறியிட்ட வாக்கியத்தைக் காட்டுவார். உரையாடல் பகுப்பாய்வாளர், அதற்கு மூன்று வரி முன்பு யாரும் மறுக்காமல் விட்ட இடத்தைக் காட்டுவார். மானுடவியலாளர், அது முந்தின நாள் படிக்கட்டில் நின்று பேசியபோதே முடிந்துவிட்டது என்பார். பொறியாளரின் மென்பொருள் கடைசியில் தலைவர் சொன்ன “சரி, அப்படியே செய்வோம்” என்பதைப் பிடிக்கும். நான்கும் உண்மை, நான்கும் வேண்டும்.

எதைக் “கூட்டம்” என்று கணக்கில் எடுப்பது?

இதை எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் தரவு சேர்க்கத் தொடங்காதீர்கள். குழு அல்லது நிறுவனத்தின் வேலை தொடர்பாக மூன்று பேரோ அதற்கு மேலோ பேசுவதற்கென்று கூடுவது கூட்டம் என்பது ஷ்வார்ட்ஸ்மனின் வரையறையின் சாரம். உளவியல் ஆய்வுகள் சிலவற்றில் இரண்டு பேர் சந்திப்பும் சேர்ந்துவிடும். இருவர் பேசும்போது “அடுத்து யார் பேசுவது” என்ற பிரச்சினையே எழாது, அடுத்தவர்தான். மூன்றாமவர் வந்தபிறகுதான் அது போட்டியாகிறது. ஆகவே பேச்சு கைமாறுவதை ஆராயப் போகிறீர்கள் என்றால் மூன்று பேருக்குக் குறைந்ததை ஒதுக்குங்கள்.

கூட்டம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். அழைப்பில் உள்ள நேரம், முதல் ஆள் உள்ளே வந்த நேரம், தலைவர் “ஆரம்பிக்கலாமா” என்று கேட்ட நேரம் மூன்றும் வேறு வேறு. மூன்றையும் குறித்து வையுங்கள். பதிவைக் கடைசி ஆள் வெளியே போகும்வரை நிறுத்தாதீர்கள். “முடிஞ்சுது” என்று சொன்ன பிறகு நடக்கும் ஐந்து நிமிடப் பேச்சில்தான் பல விஷயங்கள் வெளிவரும்.

குழுவில் குறைந்தபட்சம் யார் யார்?

பேச்சை நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், அளவிடவும் புள்ளியியலும் தெரிந்த ஒருவர், அந்த இடத்தோடு பழகிய கள ஆய்வாளர் ஒருவர், ஒலியும் தரவும் கையாளும் பொறியாளர் ஒருவர். நான்கு பேர் போதும். ஐந்தாவதாகத் தரவுக் கோப்புகளுக்கு மட்டும் பொறுப்பான ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பத்துத் துறை, பதினைந்து பேர் என்று போனால் ஆய்வைவிட ஒருங்கிணைப்பு பெரிய வேலையாகிவிடும்.

முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

ஒரே பதிவைச் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. திட்ட அறிக்கையும் கோட்பாட்டு விவாதமும் பிறகு வரட்டும்.

ஒரு கூட்டத்தின் பதிவிலிருந்து 60 முதல் 90 நொடித் துண்டு ஒன்றை எடுங்கள். அதற்குக் கையால் எழுதிய எழுத்துப்படி ஒன்றை அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். துண்டை மூன்று நான்கு முறை போட்டுக் கேளுங்கள். பிறகு பத்து நிமிடம் பேச்சே இல்லாமல் ஒவ்வொருவரும் தாம் கவனித்ததை எழுத வேண்டும். இந்த மௌனத்தைத் தவிர்த்தால் முதலில் வாயைத் திறப்பவரின் துறைக்குப் பின்னால் மற்றவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். பிறகு சுற்றாகப் பேசுங்கள். ஒவ்வொரு கருத்தும் எழுத்துப்படியில் எந்த வரி, எந்த நொடி என்று காட்டப்பட வேண்டும். “அவர் கோபமாக இருந்தார்” போதாது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். வாரம் ஒன்று, நான்கு வாரம்.

என்ன கிடைக்கும் என்பதற்கு, விளக்குவதற்காக எழுதிய ஒரு துண்டு:

தலைவர்: அப்போ இத இந்த வாரமே முடிச்சிரலாம்ல?
(0.9 நொடி அமைதி)
உறுப்பினர்: ம்... பாக்கலாம்.
தலைவர்: சரி, அடுத்தது.

கூட்டக் குறிப்பில் இது “இந்த வாரம் முடிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது” என்று வரும். வார்த்தையை மட்டும் பார்த்துக் குறியிடுகிறவர் உடன்பாடு என்று போடுவார். தானியங்கி மென்பொருள் உறுப்பினரின் பெயரில் ஒரு வேலையையும் கெடுவையும் உருவாக்கிவிடக்கூடும். ஆனால் 0.9 நொடி அமைதியையும் அந்த இழுத்த “ம்”மையும் “பாக்கலாம்” என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்கும் தமிழ்க் காதுக்கு இது மறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேச்சு கைமாறும் இடைவெளியை 10 மொழிகளில் ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பெரும்பாலும் வரும் இடைவெளி 0.2 நொடிக்குள்தான் இருந்தது. 0.9 நொடி அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். அடுத்த வாரம் வேலை முடியாமல் நிற்கும்போது, “ஒப்புக்கொண்டும் செய்யவில்லை” என்று ஆய்வறிக்கையில் எழுதினால் அது தவறான முடிவு. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

“குறுக்கீடு” என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை சண்டை?

ஒரே சொல்லில் மூன்று பொருள் ஒளிந்திருப்பதால். பொறியாளருக்கு இரண்டு மைக்கில் ஒரே நேரத்தில் குரல் இருந்தால் அது ஒரே நேரப் பேச்சு. யார் யாரை வெட்டினார் என்பது அவருடைய கேள்வி இல்லை. உளவியலாளர் குறுக்கீடு என்றால் அதிகாரம், அவமதிப்பு என்று பொருள் கொள்ளத் தயாராக இருப்பார். உரையாடல் பகுப்பாய்வாளர் ஒரே நேரப் பேச்சு எங்கே தொடங்கியது என்று பார்ப்பார்: முந்தையவர் வாக்கியத்தை முடிக்கப்போகும் கடைசி அசையிலா, நடுவிலா? கடைசி அசையில் என்றால் அடுத்தவர் கவனமாகக் கேட்டு, முடியும் இடத்தைக் கணித்து உள்ளே வந்திருக்கிறார். அது ஒத்துழைப்பு. “ஆமா ஆமா” என்று கூடவே சொல்வதும் குறுக்கீடு இல்லை.

இதைப் பிரிக்காமல் எண்ணினால் மிக நெருக்கமாகப் பழகிய, உற்சாகமான குழு “அதிகம் குறுக்கிடும் குழு” என்று அட்டவணையில் ஏறிவிடும்.

பேச்சு முறை, அதாவது ஒருவர் தம் முறை வந்து பேசும் ஒரு தடவை, என்பதிலும் இதே கதை. 2010-ல் ‘சயன்ஸ்’ இதழில் 699 பேரை 2 முதல் 5 பேர் வரையிலான குழுக்களாக வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பேச்சு ஒருசிலரிடமே குவிந்த குழுக்கள் பொதுவாகக் குறைவாகச் செய்தன என்பது அதில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் முடிவு. அதைப்போல் உங்கள் தரவிலும் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்றால் முதலில் தீர்க்க வேண்டியது: “ம்” ஒரு பேச்சு முறையா? எண்ணினால் அமைதியாகத் தலையாட்டி “ம்” போடுகிறவர் சமமாகப் பங்கேற்றவர் ஆகிவிடுவார். எண்ணாவிட்டால் ஒரே சொல்லில் “வேண்டாம்” என்று தடுத்தவரும் காணாமல் போகும் அபாயம் உண்டு. எங்கள் பரிந்துரை: இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள், இரண்டையும் வெளியிடுங்கள்.

இதற்காகவே ஒரு சொற்பட்டியல் கோப்பு வேண்டும். கூட்டம், பேச்சு முறை, அமைதி, ஒரே நேரப் பேச்சு, குறுக்கீடு, முடிவு, பங்கேற்பு என்று ஏழெட்டுச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒவ்வொரு துறையும் என்ன பொருளில் பயன்படுத்துகிறது, இந்த ஆய்வில் என்ன பொருள், பதிவிலிருந்து ஓர் உதாரணம், சேராத ஓர் உதாரணம். சேராத உதாரணம்தான் அதிகம் உதவும்.

ஏற்கெனவே உள்ள பதிவுகளை வைத்துத் தொடங்கலாமா?

கட்டாயம். இரண்டு தொகுப்புகள் நன்கு அறியப்பட்டவை. பெர்க்லியில் உள்ள ஐ.சி.எஸ்.ஐ. நிறுவனத்தின் தொகுப்பில் 75 கூட்டங்கள், ஏறத்தாழ 72 மணி நேரம். ஆய்வுக் குழுக்கள் எப்படியும் வாரந்தோறும் நடத்தியிருக்கும் உண்மையான கூட்டங்கள் அவை. ஐரோப்பாவில் எடின்பரோவிலும் சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆய்வகங்களிலும் பதிவான ஏ.எம்.ஐ. தொகுப்பு சுமார் 100 மணி நேரம், பலகோண வீடியோவும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி நடிப்புச் சூழல்: நான்கு பேர் திட்ட மேலாளர், பொருள் வடிவமைப்பாளர், பயனர் இடைமுக வடிவமைப்பாளர், சந்தைப்படுத்துநர் என்று பாத்திரம் ஏற்று ஒரு ரிமோட் கண்ட்ரோலை வடிவமைக்கிறார்கள். குறியிடும் முறையைச் சோதிக்க, மென்பொருளை ஒப்பிட அது அருமையான தரவு. அதிகாரம், பதவி உயர்வு, பழைய பகை பற்றிய கேள்விக்கு அதில் பதில் தேடாதீர்கள். அந்த நால்வருக்கும் நாளைக்கு ஒரே அலுவலகத்தில் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு தொகுப்பும் ஆங்கிலத்தில் உள்ளவை என்பதையும் மறக்க வேண்டாம்.

புதிதாகப் பதிவு செய்ய என்ன கருவிகள்?

மேசை நடுவில் ஒரு மைக் வைத்தால் மனிதருக்குக் கேட்கும். யார் பேசியது என்று மென்பொருளுக்குப் பிரிக்கக் கடினம். ஆளுக்கு ஒரு காலர் மைக், கூடவே மேசையில் ஒன்று, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கேமரா. ஆறு பேருக்கு ஏழு ஒலித்தடம். எல்லா மைக்கும் ஒரே பல்தடப் பதிவுக் கருவிக்குள் போக வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு.

தனித்தனிப் பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்பது சாதாரணக் கருவியில் எதிர்பார்க்கக்கூடியது. ஒரு மணி நேரத்துக்கு அது 0.072 நொடி. ஒரு கருவி முந்தியும் இன்னொன்று பிந்தியும் ஓடினால் 0.144 நொடி. இரண்டு மணி நேரக் கூட்டத்தின் முடிவில் 0.288 நொடி. நாம் அளக்க வந்த இடைவெளியோ 0.2 நொடி. கூட்டத்தின் முதல் பாதியில் சரியாக இருந்த எண்கள் பின்பாதியில் பொய்யாகிவிடும். கேட்டால் காதுக்குத் தெரியாது. ஒரே கருவி கிடைக்காவிட்டால் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எல்லா மைக்குக்கும் கேட்கும்படி கைதட்டுங்கள். இரண்டு கைதட்டலுக்கும் நடுவே உள்ள நீளத்தை ஒப்பிட்டுத்தான் பிசகைத் திருத்த முடியும். ஒரு தட்டல் மட்டும் இருந்தால் தொடக்கம் பொருந்தும், பிசகு அப்படியே இருக்கும்.

கோப்பு சுருக்கப்படாத வடிவில் இருக்கட்டும். 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒரு தடத்துக்கு மணிக்கு 115 மெகாபைட். ஏழு தடத்துக்கு 806. பேச்சறிதலுக்கு இது போதும். குரலின் தன்மையை நுணுக்கமாக அளக்க விரும்பினால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எடுங்கள். தடத்துக்கு 518 மெகாபைட் ஆகும்.

இணையவழிக் கூட்டம் என்றால் செயலியின் பதிவே போதுமா?

போதாது. செயலி சேமித்துத் தரும் பதிவு, கலந்துகொண்ட எவர் காதிலும் விழுந்த பேச்சு அல்ல. இரைச்சல் நீக்கும் வசதி மெல்லிய “ம்”களைத் தின்றுவிடும். இருவர் சேர்ந்து பேசினால் ஒருவர் குரல் அமுங்கும். ஒரு பக்கம் 0.15 நொடித் தாமதம் வரை தொலைபேசித் தரநிலைகள் ஏற்கத்தக்கது என்கின்றன. அந்தத் தாமதமே இருந்தாலும் போக வர 0.3 நொடி. எதிர்முனையில் 0.2 நொடியில் பதில் சொன்னவர், கேட்டவருக்கு 0.5 நொடி தயங்கியவராகத் தெரிவார். எனவே முடிந்தவரை ஒவ்வொருவர் கணினியிலும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லி, செயலியின் பதிவோடு சேர்த்து வையுங்கள்.

எழுத்துப்படி எவ்வளவு விரிவாக வேண்டும்?

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வேண்டாம். வார்த்தைகள் மட்டும் கொண்ட படியை மனிதர் எழுதினால் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், பலர் சேர்ந்து பேசும் இடங்களில் இன்னும் கூடும். ஜெஃபர்சன் முறையில் அமைதியைப் பத்தில் ஒரு நொடி வரை அளந்து, ஒரே நேரப் பேச்சு தொடங்கும் இடத்தை அடைப்புக்குறியால் காட்டி, இழுப்பும் மூச்சும் குறித்து எழுதினால் ஒரு நிமிடப் பேச்சுக்கே ஒரு மணி நேரம் போய்விடலாம். ஆகவே முழுக் கூட்டத்துக்கும் தானியங்கி முதல்படி, மனிதர் திருத்தம். தேர்ந்தெடுத்த துண்டுகளுக்கு மட்டும் நுணுக்கப் படி. நேரத்தோடு இணைத்து எழுத ஈலான், ஒலியை அளக்க பிராட் ஆகிய இரண்டு மென்பொருளும் இலவசம்.

தானியங்கிப் படியை நம்பும் முன் ஒன்று: பல மென்பொருள்கள் “ம்”, “ஆங்”, பாதியில் விட்ட சொற்களை எல்லாம் பிழை என்று கருதி நீக்கிவிட்டு அழகான வாக்கியமாகத் தரும். மேலே காட்டிய துண்டில் “ம்...” போய் “பார்க்கலாம்” மட்டும் மிஞ்சும். பொருளே மாறிவிட்டது. இன்னொன்று, “யார் எப்போது பேசினார்” என்று பிரிக்கும் மென்பொருளைச் சோதிக்கும்போது ஒவ்வொரு எல்லையின் இரு பக்கமும் 0.25 நொடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அந்தத் துறையில் நெடுநாள் வழக்கம். பிழை குறைவு என்று பொறியாளர் நேர்மையாகச் சொல்வார். மொழியியலாளர் தேடும் இடைவெளி முழுவதும் அந்த விடுபட்ட பகுதிக்குள்ளேயே இருக்கும். இதை முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

குறியிடுகிறவர்கள் 92 சதவீதம் ஒத்துப்போகிறார்கள். போதுமா?

எதைக் குறியிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. 200 பேச்சுத் துண்டுகள். இருவரும் தலா 10-ஐ “முடிவு” என்று குறித்தார்கள். அதில் 2 மட்டும் பொது. இருவரும் முடிவு அல்ல என்று விட்டவை 182. ஆக 184-ல் உடன்பாடு, 92 சதவீதம். ஆனால் தற்செயலாகவே 90.5 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் காப்பா 0.16 மட்டுமே வரும். அதாவது முடிவு எது என்பதில் இருவருக்கும் ஏறக்குறைய உடன்பாடே இல்லை. அரிதாக நடப்பதைக் குறியிடும்போது சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். இதேபோல் உடன்பாட்டை அளக்கும் கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா என்றால் 0.8 நல்லது, 0.667-க்குக் கீழே போனால் முடிவு சொல்லக்கூடாது என்பது அவருடைய பரிந்துரை.

எண் குறைந்தால் உடனே பயிற்சி கொடுத்து ஒருவரை மற்றவர் வழிக்கு இழுக்காதீர்கள். ஒத்துப்போகாத 16 துண்டுகளையும் சேர்ந்து கேளுங்கள். பாதி நேரம் அங்கே வரையறைதான் உடைந்திருக்கும்.

எத்தனை கூட்டங்கள் தேவை?

ஆட்களை எண்ணாமல் கூட்டங்களை எண்ணுங்கள். ஒரே கூட்டத்தில் உட்கார்ந்த ஆறு பேரின் பதில்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. 40 கூட்டம், தலா 6 பேர், மொத்தம் 240 பேர். ஒரே கூட்டத்தாரின் பதில்களுக்குள் ஒற்றுமை 0.2 என்றால், வடிவ விளைவு (இந்தச் சார்பால் ஆள் எண்ணிக்கையை எத்தனையால் வகுக்க வேண்டும் என்ற எண்) 1 + (6 − 1) × 0.2 = 2. உங்கள் 240 பேர் உண்மையில் 120 பேருக்குச் சமம். அந்த 40-உம் ஐந்து குழுக்களின் வாராந்திரக் கூட்டங்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆள், கூட்டம், குழு என்ற அடுக்குகளைப் பிரித்துக் கணக்கிடும் பல அடுக்குப் புள்ளியியல் மாதிரி தெரிந்த ஒருவரிடம் தரவு சேர்க்கும் முன்பே பேசுங்கள். நுணுக்கப் பகுப்பாய்வுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நன்கு பதிவான ஐந்து கூட்டமே ஆண்டுக்கணக்கில் வேலை கொடுக்கும்.

ஒப்புதல் வாங்குவதில் எங்கே தவறு நடக்கிறது?

மேலாளர் சரி சொன்னதும் எல்லோரும் சரி சொன்னதாக எடுத்துக்கொள்வதில். ஒவ்வொருவரிடமும் தனியாக, மேலாளர் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். படிவத்தில் ஒரே கையெழுத்து போதாது: ஆய்வுக் குழு கேட்கலாமா, எழுத்துப்படி வெளியாகலாமா, குரல் மாநாட்டில் ஒலிக்கலாமா, முகம் தெரியலாமா, பிற்கால ஆய்வாளர்களுக்கும் மென்பொருள் பயிற்சிக்கும் தரலாமா என்று தனித்தனிப் பெட்டி. துறைக்குத் துறை வழக்கம் மாறுவதால் இது தேவை. பொறியாளர்கள் தரவைப் பகிர்ந்து பழகியவர்கள். கள ஆய்வாளர்கள் பூட்டி வைத்துப் பழகியவர்கள்.

ஒருவர் பிறகு விலகினால்? அவர் குரலை மட்டும் எடுத்தாலும் மற்றவர்கள் அவருக்குச் சொன்ன பதில்கள் அங்கேயே நிற்கும், அவர் குரலும் மற்றவர்களின் மைக்குகளில் கசிந்திருக்கும். விலகினால் அந்தக் கூட்டமே நீக்கப்படுமா, அவர் பகுதி மட்டுமா என்பதை முன்பே எழுதுங்கள். ஐ.சி.எஸ்.ஐ. தொகுப்பில் கலந்துகொண்டவர்களுக்கே எழுத்துப்படியைக் காட்டி, வேண்டாம் என்ற இடங்களைப் ‘பீப்’ ஒலியால் மறைத்தார்கள். இன்றும் பின்பற்றத் தக்க முறை. இல்லாத ஆளைப் பற்றிப் பேசிய இடங்களை நீங்களாகவே மறைத்துவிடுங்கள். அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

மைக் இருந்தால் இயல்பாகப் பேசுவார்களா?

முதல் சில நிமிடம் மைக்கைப் பற்றியே பேசுவார்கள். பிறகு வேலை இழுத்துக்கொள்ளும். பதிவைக் குறிப்பிட்டுப் பேசும் இடங்களைத் தனிக் குறியால் குறித்து வைத்தால் எப்போது மறந்தார்கள், எப்போது நினைவு வந்தது என்று தரவே சொல்லும். பெரும்பாலும் சிக்கலான விஷயம் வரும்போதுதான் நினைவு வரும்.

கட்டுரையை யார் பெயரில், எங்கே வெளியிடுவது?

பெயர் வரிசையின் பொருள் துறைக்குத் துறை வேறு: ஓரிடத்தில் முதல் பெயருக்கு மதிப்பு, இன்னோரிடத்தில் ஆய்வகத் தலைவரின் கடைசிப் பெயருக்கு, வேறோரிடத்தில் அகர வரிசை. கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரையே சாதனை, உளவியலில் இதழ்க் கட்டுரை, மானுடவியலில் நூல். இளம் ஆய்வாளருக்கு வேலை கிடைப்பது இதைப் பொறுத்தது. ஆகவே தரவு சேர்க்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: பொதுக் கட்டுரை எது, தனித் துறைக் கட்டுரை எவை, ஒவ்வொன்றுக்கும் முதல் பெயர் யார். எழுத்துப்படி எழுதியவர்களையும் குறியிட்டவர்களையும் மறக்காதீர்கள். நுணுக்கப் படி எழுதுவது தட்டச்சு வேலை அல்ல, அதுவே பகுப்பாய்வு.

முடிவுகளைக் கலந்துகொண்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டும், கவனத்தோடு. “இன்னார் 4 சதவீதம்தான் பேசினார்” என்ற படம் மேலாளர் கைக்குப் போனால் அது ஆண்டு மதிப்பீட்டில் போய் நிற்கும். குழு அளவிலான எண்களை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டுங்கள். தனிநபர் எண் அந்தந்த நபருக்கு மட்டும், அவர் கேட்டால். சிறிய குழுவில் பெயரை நீக்கினாலும் தலைவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான்கு பேருக்குக் குறைந்த குழுவுக்கு ஆள்வாரிப் படமே தயாரிக்காதீர்கள். கூட்டத்தில் பேசாதவரிடம் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு அறிக்கையை முடியுங்கள். அவர் சேர்த்து வைத்த குறிப்புகளில்தான் அந்தக் கூட்டத்தின் முழு விவரம் இருக்கக்கூடும்.